சந்தனம் வைத்த மோடம்

பிள்ளைகளா, இன்று காலை புது வைஃபை பெட்டி வந்ததும் தாத்தா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார் அல்லவா? அந்த வாசனை என்னைச் சேரன்மகாதேவி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று உங்கள் அத்தைக்குப் பிளஸ் டூ ரிசல்ட். அதை வீட்டிலேயே பார்க்க, தாத்தா ஒரு மோடம் வாங்கி வந்தார். டெலிபோன் வயரை அதில் சொருகினால்தான் இணையம் வரும். சொருகினார். டயல் டோன் இல்லை என்றது கம்ப்யூட்டர். கழற்றி மாட்டினார், தட்டினார். ம்ஹூம்.

"போன்ல கொர்ருனு கேக்கு. இதுல மட்டும் ஏன் வரமாட்டேங்கு?"

அத்தை அழுகையோடு வயரை உருவினாள். முனையை மோந்து பார்த்தாள்.

"அப்பா, வயரு மணக்கு!"

புதுச் சாமான் என்று தாத்தா முதலிலேயே வைத்த சந்தனம், வயர் சொருகும் ஓட்டைக்குள் அப்பியிருந்தது.

"போயும் போயும் ஓட்டையிலயா வச்சீய?"

"வாசல் மாதிரி அது ஒண்ணுதானம்மா இருந்துச்சு!"

ஈர்க்குச்சியால் சுரண்டிச் சொருகியதும் மோடம் கீச்கீச்சென்று கத்தியது. அத்தை பாஸ்.

இன்று, "ஓட்டைப் பக்கம் மட்டும் வேண்டாம்ப்பா" என்றேன். தாத்தா முறைத்தார்.

"உங்க அக்கா பாஸானதே அந்தச் சந்தனத்துலதாம்லே!"