முகம் பார்க்காமல் போட்ட ஊசி

சிட்டுவின் கட்டைவிரல் ஊசியின் பின்பக்கத்தை நிதானமாக அழுத்தி முடித்தது. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ஊசியை உருவினாள். போர்வைக்குள் கிடந்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஆச்சும்மா, ஆச்சு. எறும்புகூட இதைவிட பலமா கடிக்கும். தினமும் இதே கூத்தா?" என்றபடி பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"அங்க யாரைம்மா கொஞ்சுறே?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "இன்னிக்கு எனக்கு ஊசி கிடையாதா?"

ஜன்னலோரக் கட்டிலில் டீச்சரம்மா சாவகாசமாகச் சாய்ந்திருந்தார்.

சிட்டு சட்டென்று திரும்பிப் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். உள்ளே தையல்காரம்மா, தூக்கம் கலைந்த கோபத்தோடு முறைத்தார். சர்க்கரை நோயே இல்லாதவர். காலை ஆகாரமும் இன்னும் வரவில்லை. அவர் உடம்பில் இப்போது இருபது யூனிட் இன்சுலின்.

நடந்தது இவ்வளவுதான். அந்த முதியோர் இல்லத்தில் மருந்தெல்லாம் கட்டில் எண்படி. ஆறு மணிக்குச் சர்க்கரை பார்த்து எழுதியபோது டீச்சரம்மா ஏழாம் கட்டிலில் இருந்தார். பிறகு காற்று வேண்டுமென்று அடம்பிடித்திருக்கிறார். இரவு டியூட்டிக்காரி இருவரையும் கட்டில் மாற்றிவிட்டு, அதை எழுதாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். டீச்சரம்மாவுக்கு ஊசியைக் கண்டால் ஆகாது; முகத்தை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். அந்தப் பழக்கத்தில் சிட்டுவும் கையை மட்டும் பார்த்து ஊசி போட்டுவிட்டாள். முகத்தைப் பார், பெயரைக் கேள் என்பது பயிற்சியில் முதல் நாள் பாடம்.

உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க வழியில்லை. தம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். கலக்கும்போதே மனம் கணக்குப் போட்டது. தையல்காரம்மாவுக்கு வாதத்தில் பேச்சு போய்விட்டது, யாரிடமும் சொல்லப்போவதில்லை. டீச்சரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மதியம்வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருவேளை தப்பிவிடலாம். சொன்னால் வேலை போகும். போன மாதம்தான் ஒருத்தியை அன்று சாயந்திரமே அனுப்பினார்கள். வீட்டில் கணவர், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், பதினோரு மாதமாகப் படுக்கையில்.

அந்தப் பதினோரு மாதத்தில் சிட்டு ஜெபிக்கும் விதமே மாறியிருந்தது. அவரை எழுந்து நடக்கவையும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் பலம் கேட்கப் பழகியிருந்தாள். துணி மாற்றும்போது, புண்ணுக்கு மருந்து போடும்போது, கை வேலையில் இருக்க வாய் ஆண்டவரிடம் பேசும். அந்தப் பலம் ஒரு நாளும் அவளுக்குக் குறைந்ததில்லை. அதை அவள் அனுபவத்தில் அறிவாள்.

இப்போதும் முழங்கால் போட நேரமில்லை. "ஆண்டவரே, இந்தம்மா உயிர் உம்ம கையில. என் வாய் என்கிட்ட இருக்கு. அதைத் திறக்க மட்டும் பலம் தாரும்."

தையல்காரம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மடக்கு மடக்காகப் புகட்டினாள். பிறகு தலைமை நர்சின் அறைக்கு ஓடினாள். குரலின் உபயத்தில் அவருக்கு விசிலம்மா என்று பெயர்.

"சிஸ்டர், ஆள் மாத்தி இன்சுலின் போட்டுட்டேன். தையல்காரம்மாவுக்கு. இருபது யூனிட். இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆகுது."

விசிலம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கண்ணை எங்க வெச்சிருந்தே? பொடனியிலயா?" கை அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது.

கால் மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தார்கள். தொண்ணூற்றிரண்டு. எழுபத்தொன்று. தையல்காரம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது, கை நடுங்கியது. ஐம்பத்து நான்கு. கண் செருகும்போது டாக்டர் வந்து சேர்ந்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தி, மூன்றாவதில் குளுக்கோஸ் ஏறியது.

"கட்டில் மாத்துனதை ராத்திரிக்காரி எழுதல," என்றார் விசிலம்மா, சிட்டுவின் பக்கம் திரும்பாமலே. "ரிப்போர்ட்ல அவ பேரைப் போட்டா உன் மேல உள்ள பழி பாதி குறையும்."

"அவ எழுதல, சரி. நான் முகத்தைப் பாக்கல சிஸ்டர். ஊசி என் கையில இருந்துச்சு."

"பெரிய யோக்கியம்தான் போ. அந்தப் பாட்டிலைப் பிடி."

பதினொரு மணிக்கு ஏறிய சர்க்கரை இரண்டு மணிக்கு மறுபடி சரிந்தது. சிட்டு கட்டிலை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "மொணமொணன்னு என்னம்மா?" என்றார் டாக்டர். "உங்களுக்கும் சேர்த்துத்தான் டாக்டர்," என்றாள். நான்கு மணிக்கு நூற்றிமுப்பதில் நின்றது. ஆறுக்கும் இறங்கவில்லை. தையல்காரம்மா கஞ்சி குடித்தார்.

விசிலம்மா ரிப்போர்ட்டில் இரண்டு பெயரையும் எழுதினார். "உன்னை வெளிய அனுப்பத்தான் நெனச்சேன். மறைச்சிருந்தா இன்னிக்கு இந்த அம்மா பொணம். தானா வந்து சொன்னதால வேலை தப்பிச்சுது. மூணு மாசம் ஊசித் தட்டைத் தொடக்கூடாது. துணி துவைக்குற அறைக்குப் போ."

வீட்டில் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "அந்தம்மா பொழைச்சுட்டாங்கல்ல? அப்புறமென்ன. துவைக்குறது உனக்கென்ன புதுசா," என்றார். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் சிட்டுவுக்கு நினைவு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் ஏழாம் கட்டிலுக்குப் போனாள். "அம்மா, தப்பு என்னுது. மன்னிச்சுக்கோங்க," என்று கைகூப்பினாள். தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. சிட்டு அவருடைய அழுக்குத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள். முந்தானையை இடுப்பில் செருகி, அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் பலம் கேட்டு, முதல் வாளியை ஊறப்போட்டாள்.