கோலைப் பார்க்காதவர்

தொண்ணூறுகளின் கடைசியில், கோர்படி மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்து இறுதியாட்டம். கோவா கிளப் ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்தவர், தலையில் ஈரக் கைக்குட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் தம்பி கோல் அடித்ததும் மைதானமே எழுந்து கத்தியது. அவர் மட்டும் எங்கள் அணியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பி கோல் போட்டான் சார், பாக்கலையா?"

"அதை ஊரே பாக்குதேம்மா. எல்லாரும் உன் தம்பியைத் தூக்க ஓடினாங்க. இவன் இடத்தை விட்டு நகரலை, பாரு."

அவனைத்தான் எடுத்தார்.

இன்றும் மைதானத்துக்குப் போனால் ஒருவனை மட்டுமே பார்ப்பதென்று உட்காருகிறேன். கூட்டம் கத்தியதும் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. அவர் கழுத்தை எதனால் செய்தார்களோ!