வேண்டுமென்றே சாய்ந்த கிளை

ஹிசாயோ நுமாகுராவுக்கு இகெபானா என்கிற ஜப்பானியப் பூ அலங்காரம் நன்றாகவே வந்துவிட்டது. வம்பு அதில்தான் ஆரம்பித்தது.

ஜப்பானில் தகாவோகா என்ற ஊரில் அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை அவள். கேன்டீன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவள் மனிதர்களோடு உட்காருவது வியாழக்கிழமை ஒச்சியாய் டீச்சரின் பூ வகுப்பில் மட்டும்தான். டீச்சர் அவளைவிடச் சின்னவர். கிளையையும் பூவையும் ஊசித்தட்டில் குத்தி முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருப்பார்கள். டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து, ஒரு கிளையைப் பிடுங்கி, நறுக்கி, திருப்பிக் குத்துவார். ஹிசாயோவின் தோளில் இன்னொரு மனுஷியின் தோள் படுவது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஒரு வியாழன் டீச்சர் நின்றபடியே பார்த்து, "அருமை, தொடவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அப்பேர்ப்பட்ட பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பெரிய கிளையை வேண்டுமென்றே கோணலாக வைக்க ஆரம்பித்தாள்.

"என்ன நுமாகுரா-சான், உங்க கிளை இன்னிக்கும் குடிச்சுட்டு வந்திருக்கா?" என்று சீண்டுவாள் பக்கத்தில் உட்காரும் குரெபயாஷி.

"தனியாக் குடிக்காம, வேற யாரோட குடிக்கும்?" என்பாள் ஹிசாயோ.

எல்லாரும் சிரிப்பார்கள். டீச்சர் திண்டை இழுத்துப் போட்டு உட்காருவார். அவளுக்கு அது போதும். அதே பூக்களைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டுவந்து, வீட்டில் இம்மியும் பிசகாமல் வைப்பாள். பார்க்கத்தான் ஆளில்லை.

பிப்ரவரியில் காய்ச்சல் என்று ஒரு வகுப்புக்குப் போகவில்லை. அந்த வாரத்துப் பூவைக் கொடுக்க டீச்சரே பனியில் நடந்து வந்துவிட்டார். ஹிசாயோ மறைப்பதற்குள், மேசைமேல் இருந்த பிளம் கிளை அவர் கண்ணில் பட்டது. பூவைப் பார்க்கும் முறைப்படி அதன் முன்னால் மண்டியிட்டு, தலைவணங்கி, வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் தொடறதுக்கு ஒண்ணுமே இல்ல. வகுப்புல மட்டும் ஏன் கோணலா வைக்கறீங்க?"

மாட்டிக்கொண்டாள். வகுப்பைவிட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தாள்.

"தப்பு இல்லேன்னா நீங்க பக்கத்துல உக்கார மாட்டீங்களே, டீச்சர்."

டீச்சர் பிளம் கிளையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"உக்காருங்கன்னு கேட்டிருக்கலாமே."

கேட்கலாம் என்பதே அவளுக்கு இத்தனை வயதுவரை தோன்றவில்லை. யாருக்கும் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்றே வளர்ந்தவள்.

"ஏப்ரல்லேர்ந்து நீங்களும் வகுப்பு எடுக்கணும். இனிமே உங்க நடிப்பு செல்லாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு காலில் பூட்ஸும் மாட்டியாயிற்று.

ஹிசாயோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்... இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்."

டீச்சர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.