சித்தி தைத்த தொப்பி

வீட்டுக்குப் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், அது பெட்டியை விட்டு முழுசாக வெளியே வருவதற்குள் சித்தி அதற்கு உறை தைத்துவிடுவாள். மின்விசிறிக்கு உறை, இஸ்திரிப் பெட்டிக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்கும் உறை. தையல்காரி வீட்டில் எதுவும் அம்மணமாக நிற்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அக்கா மகளைக் கூட்டிவந்து படிக்கவைத்தவளும் அவள்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால் 'டிகிரி' என்றே கூப்பிடுவாள். டிகிரிக்கோ, படித்து முடித்தும் வேலையில்லாமல், இந்தப் பெயருக்கு நான் லாயக்குத்தானா என்று உள்ளுக்குள் குடைச்சல்.

கணினிக் கோளாறுகளைப் போனிலேயே சரிசெய்துதரும் நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. இணையத்தில்தான் நேர்காணல். வீட்டிலிருந்த பழைய கணினியில் வைஃபை கிடையாது. டிகிரி கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்றை வாங்கிவந்து, பின்பக்கம் செருகி, அதற்கான டிரைவர் மென்பொருளை ஏற்றினாள். மாடிவீட்டு அக்கா தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தாள். இணைப்பு ஜோராக வந்தது.

மறுநாள் நேர்காணலுக்கு உட்கார்ந்தால், இணைப்பைக் காணோம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

"சிக்னல் வரல சித்தி!"

சித்தி படியில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். "எங்களுக்கு நல்லாத்தான் வருது!" என்று பதில் வந்தது.

டிகிரி டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினாள். கணினியை அணைத்துப் போட்டாள். கடைசியில் அடாப்டரை வேறு துளையில் செருகிப் பார்க்கலாமென்று மேசைக்கடியில் புகுந்தாள். அங்கே அடாப்டர், பூப்போட்ட தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள். சித்தி விற்பனைக்குத் தைக்கும் சாப்பாட்டுப் பைகளில் சூடு ஆறாமலிருக்க வைப்பது.

"சித்தி, இது என்ன?"

"தொப்பிடி. நேத்து ராத்திரி நீ தூங்கினப்ப தச்சேன். தூசி படாது, வெளிச் சூடும் அண்டாது."

"சிக்னலும் அண்டாது சித்தி!"

"அடிப்பாவி, துணி மேல பழி போடாத!"

தொப்பியைக் கழற்றினாள். சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்தன.

திரையில் அதிகாரியம்மா கடுகடுவென்றிருந்தார். "ஏன் லேட்டு?"

கரண்ட் போச்சு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு வந்துவிட்டு, கண்டுபிடித்ததை மறைப்பதா? டிகிரி உள்ளதைச் சொன்னாள். "உள்ளே எல்லாத்தையும் நோண்டினேன் மேடம். வெளியே எட்டிப் பார்க்கத் தோணல."

அதிகாரியம்மா உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அந்தத் தொப்பியைக் காட்டுங்க."

தொப்பியோடு சித்தியின் தலையும் திரைக்குள் நுழைந்தது. "இது மிச்சத்துணி மேடம். உங்களுக்கு நல்ல சாப்பாட்டுப் பையா ஒண்ணு தச்சு அனுப்புறேன். இவளைக் கோவிச்சுக்காதீங்க."

"லஞ்சமா?"

"ஐயையோ! வேலை குடுக்கலைன்னாலும் பை உண்டு மேடம்!"

வேலை கிடைத்தது. இப்போதெல்லாம் போனில் யார் சிக்னல் இல்லையென்றாலும், "அடாப்டர் மேல ஏதாவது மூடியிருக்கா பாருங்க" என்றுதான் டிகிரி ஆரம்பிக்கிறாள். மதியம் கசங்கிய காகிதப் பையும் கையுமாக அதிகாரியம்மா அவள் மேசைப் பக்கம் வருவார். "உங்க சித்தி பை என்னாச்சு?"

வீட்டுக்கு வந்து கேட்டால் சித்திக்குக் கோபம் வந்துவிடும். "பெரிய அதிகாரிக்கு ஏனோதானோன்னு தைக்க முடியுமா? டிசைன் யோசிக்கிறேன்ல!"

இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.