அண்ணன் தடவிப் பார்த்த இடம்

கியர்பாக்ஸ் மூடியிலிருந்து அந்த அலுமினியப் பூச்சு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதைக் கையில் பிடித்திருந்த சூப்பர்வைசர் அண்ணன் பூச்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தெலுங்குப் பக்கம், உப்பல் என்கிற ஊரில் ஒரு சின்னப் பட்டறை அது. தேய்ந்த இயந்திரப் பாகங்கள்மீது உலோகத் தூளைச் சூடான வாயுவோடு குண்டு வேகத்தில் அடிப்போம். தூள் உருகாது, மோதுகிற வேகத்திலேயே அப்பிக்கொள்ளும். கோல்டு ஸ்ப்ரே என்பார்கள். எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பி, ஓசூரில் வெல்டிங், பெல்லாரியில் லாரி என்று சுற்றி அங்கே சேர்ந்திருந்தேன். படுக்கையும் ஸ்டோர் ரூமிலேயே. பூச்சு பிடிப்பதற்காகப் பாகத்தின்மேல் மணலை வீசிச் சொரசொரப்பாக்குவது என் வேலை.

அண்ணன் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர், பழைய வெல்டர். அவருக்கு அந்த மெஷின்மேல் நம்பிக்கை இல்லை. “நெருப்பு இல்லாம உலோகம் ஒட்டுமா? பெயின்ட் வேலைப்பா இது” என்பார். என்மேல் அதைவிடக் குறைவு. “ஊர் ஊரா ஓடறவன் எங்கியோ எதையோ பண்ணிட்டுதான் ஓடறான்.” நான் மணல் வீசி முடித்ததும், ஒழுங்காகச் செய்தேனா என்று வெறும் கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். தொடக்கூடாது என்று சுவரில் போர்டு இருந்தது. கேட்டால், “அது உனக்கு வெச்சதுப்பா.”

இன்னொன்று பெயர்ந்தால் மணல் வீசுகிற ஆளை மாற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் படுக்கையும் போகும். அண்ணனின் மச்சான் வேலை தேடுவது எனக்குத் தெரியும். அதனால் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் கை போகிற இடத்தையெல்லாம் கவனித்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை. அது பட்ட இடத்தில்தான் பூச்சு உரிந்திருந்தது.

அடுத்த மூடிக்கு மணல் வீசி வெளியே எடுத்ததும் அண்ணனுக்குக் குறுக்கே நின்றேன்.

“அண்ணே, தொடாதீங்க.”

“கைக்கு?” ஏன் என்பதை அந்த ஊர் உருதுவில்தான் கேட்பார். “என்ன மறைக்கிறே?”

“ஒண்ணும் மறைக்கல. உங்க கை எண்ணெய் பட்டா பூச்சு நிக்காது. இன்னிக்கு ஒருநாள் தொடாம பாருங்க. உரிஞ்சா நானே போயிடறேன்.”

முறைத்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூள் அடித்து முடியும்வரை என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். ஆறியதும் உளி வைத்துத் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். பூச்சு அசையவில்லை.

“ஹவ், ஆமாப்பா, பார்த்தியா? நான் கண்ணை எடுக்காம நின்னதாலதான் ஒழுங்கா செஞ்சிருக்கே.”

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். அவருக்கு அன்று எண்ணெய் விஷயம் புரிந்ததா, புரியாத மாதிரி நடித்தாரா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஏனென்றால் மறுநாள் காலை அவரே கடைக்குப் போய் இரண்டு ஜோடி துணிக் கையுறை வாங்கி வந்தார். ஒன்றை மாட்டிக்கொண்டார். மற்றதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“வேணும்போது கேட்டு வாங்கிக்க. உன்கிட்ட குடுத்தா தூக்கிட்டுப் போயிடுவே.”