ஆடி அமாவாசையன்று சம்மன் வாங்கியவர்

“அண்ணாச்சி, மெஷினத் தூக்க வந்துட்டாவ!” என்று தாராவியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் இசக்கியம்மாள். அறுபதுகளில் மாதுங்காவில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. தவணையில் வாங்கிய தையல் மெஷின்தான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. கட்டிய தவணைக்கெல்லாம் ரசீது வைத்திருந்தாள். ஆனால் கம்பெனி கேஸ் போட்டதே அவளுக்குத் தெரியாது. கோர்ட்டில் ஆஜராகாததால் அவள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகி, எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகியிருந்தது. ஜப்திக்கு வந்தவர்களிடம் கெஞ்சி ஒரு வாரம் கெடு வாங்கியிருந்தாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு போய் சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சம்மனின் பின்பக்கத்தில், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் சேவகரான பேலிஃப் எழுதியிருந்தார்: ‘பிரதிவாதி வீட்டில் இல்லை. கணவர் சுடலைமுத்துவிடம் நேரில் கொடுத்து ரேகை வாங்கினேன்.’ கீழே ஒரு கட்டைவிரல் ரேகை.

சுடலைமுத்து ஊருக்குப் போன இடத்தில் செத்து, பேலிஃப் போட்டிருந்த தேதிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. சாவைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்கு இவள் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி.

தேதியைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. “அன்னைக்கு ஆடி அமாவாசைல்லா? அவியளுக்கு எலை போட்டு வச்சிட்டு நான் மாகிம் கடலுக்குப் போயிருந்தேன்.” ரேகையை விரலால் தடவினாள். “வந்திருக்காவ அண்ணாச்சி. இது அவிய ரேகைதான்.”

பட்டப்பகல். சுற்றிலும் குமாஸ்தாக்கள். ஆனாலும் நான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “அவளை வாயத் திறக்க விடாதேப்பா. ஜட்ஜ் முன்னாடி ‘அவர் ரேகைதான்’னு சொல்லிட்டாள்னா சம்மன் சேர்ந்தது வாஸ்தவம்னு ஆயிடும். மெஷின் போச்சு!” நானும் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

டிகிரியை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டோம். விசாரணையில் அவளுக்காக இந்தியில் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். பேலிஃப் கூண்டேறிக் கூசாமல் சாதித்தார்: “நானே கொடுத்தேன் சாஹேப். உயரமான ஆள். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டான்.”

அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் எழுந்து அவரையே கேட்டாள்.

“ஐயா, அன்னைக்கே அவிய செத்து ஏழு மாசம் ஆயிருந்துது. நான் பாக்கல, நீங்க பாத்திருக்கீய. எலையில சோறு இருந்துதே, சாப்பிட்டாவளா? மேலுக்கு நல்லா இருந்தாவளா?”

கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. மனசு கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே இந்தியில் சொன்னேன்.

பேலிஃப் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தார். அவர் பார்வை எங்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் போய் அங்கேயே நின்றது. நாக்கு குழற, “நான் அந்தச் சந்துக்கே போகவில்லை சாஹேப்,” என்றார். “ரேகை என்னுடையது. என்னை மன்னித்துவிடச் சொல்லுங்கள்.” யாரிடம் சொல்லச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிகிரி ரத்தாயிற்று. ரசீதுகளைக் காட்ட அவளுக்கு வாய்தா கிடைத்தது. மெஷின் தப்பியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படியில் அவள் என்னை நிறுத்தினாள்.

“அப்ப, அன்னைக்கு யாருமே வரலையா அண்ணாச்சி?”

“இல்லம்மா,” என்றேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்கிறேன்: டிகிரியைப் படிக்கும் முன் சம்மனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பொய் இருந்தால் விடாதீர்கள். ஆனால் ஜெயித்த பிறகு கட்சிக்காரரோடு வாசல்வரைக்குமாவது நடந்து போங்கள். அன்று எனக்கு அடுத்த கோர்ட்டில் கேஸ் இருந்தது. அவளைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.