ஊதா நிறத்தில் ஒரு நெற்சூடு

சென்ற மாதம் ஒரு காலையில் சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பழைய மாணவி றஹீமா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், எங்கட புஷ்பராணி டீச்சர் மவுத்தாகிட்டாங்க" என்றாள். முஸ்லிம்கள் சொல்லும் அந்தச் சொல் தமிழ் வீட்டுக்குப் பொருந்தாது என்று எண்ணினாளோ என்னவோ, "காலமாகிட்டாங்க" என்று திருத்திச் சொல்லிவிட்டு அழுதாள். பாண்டிருப்பில் அவருடைய வீட்டு முற்றத்தில் அன்று நின்றவர்களில் பாதிப்பேர் கல்முனைப் பெண்கள். அவரிடம் சித்திரம் படித்தவர்கள். அங்கே நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரை அறிந்த உங்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு நாங்கள் இருவரும் ஒரே தவணையில் நியமனம் பெற்று வந்தோம். நான் கணிதம், அவர் சித்திரம். பரீட்சை நெருங்கினால் அவருடைய பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். சிரித்தபடி தந்துவிடுவார். ஒரு நாள் மட்டும் மறுத்தார். "இண்டைக்குத் தர ஏலாது டீச்சர். வகுப்புக்கு ஒரு விருந்தாளி வாறார்."

விருந்தாளி ஒரு பழைய கலண்டர். கப்பலில் வேலை செய்த அவருடைய அண்ணன் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர், வயலில் குவித்த கதிர்க்கட்டுகளைக் காலை, மாலை, பனிக்காலம் என்று திரும்பத் திரும்ப வரைந்த படங்கள் அதில் இருந்தன. வெட்டிய கதிரை அடித்து நெல் பிரிக்கும்வரை அப்படிக் குவித்து வைப்பதை எங்கள் பக்கத்தில் சூடு என்போம். ஓவியரின் பெயர் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. 'சூட்டு மாஸ்டர்' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஒரே சூட்ட ஏன் டீச்சர் இத்தின தரம் கீறின?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"சூடு ஒண்டுதான். வெளிச்சமும் ஒண்டுதானா எண்டு போய்ப் பாப்பம்" என்றாராம் புஷ்பராணி.

அது அறுவடைக் காலம். சனிக்கிழமைகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு மேற்கேயிருந்த வயலுக்குக் கூட்டிப்போனார். கறுப்பு நிறத்தைப் பாடசாலையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். நீலம் தீர்ந்தால் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தூளைக் கரைத்துக் கொடுப்பார். "நிழல் கறுப்பெண்டு ஆர் சொன்ன? போய் நிழலைக் கேட்டுட்டு வா" என்பார்.

பிள்ளைகள் வரைந்த படங்கள் வகுப்புச் சுவரில் தொங்கிய நாளில்தான் நான் ஒரு பிழையைச் செய்தேன். றஹீமா வரைந்திருந்த சூடு ஊதா நிறம். அதன் அடியில் நீலம் பரவிக் கிடந்தது. "இது எந்த ஊரு வைக்கோல், ஊதா நிறத்தில?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, பின்னங்களை எழுதத் தொடங்கினேன். அவள் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றியதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் பாடசாலை அதிபர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். அவளுடைய வாப்பா ஆதம்பாவா வந்திருந்தார். மகளின் படம் சுருட்டியபடி அவர் கையில் இருந்தது. அதை அவர் விரித்துப் பார்க்கவில்லை. அவர் வயல் செய்யும் கமக்காரர், அதிகம் கதைக்காத மனிதர்.

"புள்ள ஸ்கூலுக்குப் போக மாட்டனெண்டு அழுவுது. உருவம் கீறுறது எங்கட மார்க்கத்தில ஆகாதெண்டு ஊருலயும் கதைக்காங்க. இந்தப் பாடம் அவளுக்கு வேணாம்" என்றார்.

அதிபர் பயந்துபோனார். பாடத்தையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்போம் என்றார். புஷ்பராணி வாதாடவில்லை. மற்றப் பிள்ளைகளின் படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். "உருவம் ஒண்டுமில்ல. நீங்களே பாருங்க" என்றார்.

ஆதம்பாவா குனிந்து பார்த்தார். "இது எங்கட வயல்ச் சூடெல்லோ!" என்றார். பிறகு விரலை ஒவ்வொரு படமாக நகர்த்தி, தொழுகை வேளைகளால் பொழுதைச் சொன்னார். "இது லுஹருக்குக் கிட்ட, உச்சி வெயில். இது அஸர் நேரம், நிழல் நீண்டு கிடக்கு. இது மஃரிபுக்கு முன்னுக்கு, பொழுது படுற நேரம்." கடைசியில் கையிலிருந்த மகளின் படத்தை விரித்தார். "ஸுபஹு தொழுதிட்டு விடியக்காலையில வயலுக்குப் போகக்குள்ள என்னோட இவளும் வருவாள். பனிக்குள்ள சூடு இப்பிடித்தான் தெரியும். இதப் பிழையெண்டு ஆர் சொன்ன?"

"நான்தான்" என்றேன். விடியற்காலையில் நான் ஒருநாளும் வயலில் நின்றதில்லை.

புஷ்பராணி என்னைக் குற்றம் சொல்லவுமில்லை, காப்பாற்றவுமில்லை. "படங்கள் இன்னும் முடியல்ல. சூடு எப்ப அடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கு." கொஞ்சம் யோசித்தார் ஆதம்பாவா. "நாலு நாள் பிந்திப் போடுறன். புள்ளையள் முடிக்கட்டும்."

"மழை வந்தா?" என்றார் அதிபர்.

"வந்தா, மழைக்குள்ள சூடு எப்பிடித் தெரியுமெண்டும் கீறட்டும்."

மூன்றாம் நாள் உண்மையாகவே மழை வந்தது. சூட்டை மூடும் படங்குத் துணியின் ஒரு முனையை ஆதம்பாவா இழுக்க, மறுமுனையைச் சிறுமிகளும் நாங்கள் இருவரும் இழுத்துப் பிடித்தோம். சேலை நனைய நின்றபடி புஷ்பராணி கத்தினார்: "பாருங்க பிள்ளையள், நிறம் மாறுது!" அன்று மாலையே றஹீமாவின் வீட்டுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள். அடுத்த நாள் வகுப்புக்கு வந்தாள். இன்று அவளும் ஒரு சித்திர ஆசிரியை.

எண்பதுகளின் நடுவில் கலவரத்தால் எங்கள் ஊர்களுக்கிடையே பாதை அடைபட்டுக் கிடந்த நாட்களும் வந்தன. பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் பல கிழமைகள் அவரால் வர முடியவில்லை. பாதை திறந்த முதல் நாளே நிறப்பெட்டியோடு வந்து நின்றார். அந்த இடைவெளியில் பிள்ளைகள் தாங்களாகவே பாடசாலை மொட்டை மாடியில் ஏறி, கடலை ஒவ்வொரு நேரமும் வரைந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஓம், நான் வராட்டியும் வெளிச்சம் வந்திருக்கு" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. ஓய்வு பெறும்வரை, பிழை போடுவதற்கு முன் பிள்ளையிடம் அதைக் கேட்டு வந்தேன்: "இது உனக்கு எப்படி வந்தது?" முதன்முதலில் கேட்டது ஜெஸீமா என்ற மாணவியிடம். திங்கள் தொடங்கிச் சனி முடிய வேலை செய்த ஒருவனின் கணக்கு அது. அவளுடைய விடை புத்தகத்தில் இருந்ததோடு ஒத்துவரவில்லை. சிவப்புப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "திங்களும் வேலை, சனியும் வேலை. அப்ப ஆறு நாள்தானே டீச்சர்?" என்றாள். புத்தகம் ஐந்து நாளுக்குத்தான் கணக்குப் பார்த்திருந்தது. அவளுடைய விடைக்குச் சரி போட்டேன். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அங்கே அச்சிட்டிருந்த விடையை அதே சிவப்பால் வெட்டினேன்.